நூர்பர்க்ரிங்: ஒரே பெயரில் இரண்டு டிராக், அதில் ஒன்று பச்சை நரகம்

"நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டின நூர்பர்க்ரிங்கில்தான் நிக்கி லாடா எரிந்தாரா? அதை ஏன் பச்சை நரகம் என்கிறார்கள்? அவ்வளவு ஆபத்து என்றால் இன்னும் ஏன் மூடாமல் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் பதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது, அதனால் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்ற பெயரில் இன்று இரண்டு ரேஸ் டிராக் இருக்கின்றன. நரேன் 2005 மே மாதம் மஞ்சள் ஜோர்டன் காரில் ஓட்டியது ஐரோப்பிய கிராண்ட் ப்ரீ என்ற ஃபார்முலா ஒன் ரேஸ். கடைசிச் சுற்றில் கிமி ராய்க்கோனனின் சஸ்பென்ஷன் உடைந்து அலோன்சோ ஜெயித்தாரே, அந்த ரேஸ். அது நடந்தது 1984-ல் திறந்த புது டிராக்கில். சுமார் 5 கிலோமீட்டர், அகலமான தார், வளைவுக்கு வெளியே கார் தவறிப் போனால் நிற்பதற்குத் தாராளமான இடம். நல்ல டிராக்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் போல உலகத்தில் இன்னும் பத்து இருக்கின்றன. ஆஸ்திரிய ஃபார்முலா ஒன் ஓட்டுநர் லாடா 1976-ல் விபத்தில் எரிந்தது அதை ஒட்டியே இருக்கும் பழைய டிராக்கில். நோர்ட்ஷ்லைஃபே என்று பெயர், வடக்குச் சுற்று என்று அர்த்தம். பச்சை நரகம் என்பது இதைத்தான். இன்று இதன் நீளம் 20.8 கிலோமீட்டர், லாடா காலத்தில் 22.8. இந்த நீளத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த டிராக்கின் அழகு, ஆபத்து, ஃபார்முலா ஒன் அதைக் கைவிட்டது, அது இன்றைக்கும் உயிரோடு இருப்பது, எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

ஜெர்மனியின் மேற்கில் ஐஃபெல் என்ற மலைப்பகுதி. முதல் உலகப் போருக்குப் பிறகு அங்கே ஆடனாவ் வட்டாரம் மிகவும் ஏழ்மைப்பட்டுக் கிடந்தது, மண்ணில் பெரிதாக ஒன்றும் விளையாது, தொழிற்சாலையும் கிடையாது. 1922-லிருந்தே ஐஃபெல் பக்கம் பொதுச் சாலைகளில் கார் ரேஸ் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஊர்ச் சாலையில் ரேஸ் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அப்போது அந்த வட்டார நிர்வாகியாக இருந்த ஓட்டோ க்ரொய்ட்ஸ் என்பவர், ரேஸுக்கும் கார் கம்பெனிகளின் சோதனைக்கும் என்று தனியாக ஒரு சாலையே போட்டுவிடலாம், வேலையில்லாதவர்களுக்கும் கூலி கிடைக்கும் என்று விடாப்பிடியாக நின்றார். 1925-ல் வேலை ஆரம்பித்தது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உழைத்தார்கள், 1927 ஜூன் 18 அன்று திறந்தார்கள். மறுநாள் நடந்த கார் ரேஸில் மெர்சிடிஸில் ஜெயித்தவர் ருடால்ஃப் கரச்சியோலா. இந்தப் பெயர் பின்னால் ஒரு வளைவில் மறுபடியும் வரும்.

அன்று முழு டிராக் 28 கிலோமீட்டர். வடக்கே பெரிய சுற்று, தெற்கே ஏழே முக்கால் கிலோமீட்டரில் சின்னச் சுற்று. தெற்குச் சுற்று காலப்போக்கில் கவனிப்பாரில்லாமல் போய், புது டிராக் வந்தபோது அதற்கு இடம் விட்டு மறைந்தது.

இந்த டிராக்கின் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என் பதில் இதுதான்: இதைப் போட்டவர்கள் மலையை வெட்டிச் சமன் செய்யவில்லை. மலை எப்படி ஏறியதோ அப்படி ஏற்றி, இறங்கிய இடத்தில் இறக்கி, நூர்பர்க் கோட்டையைச் சுற்றிக் காட்டுக்குள் வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். உச்சிக்கும் அடிக்கும் கிட்டத்தட்ட 300 மீட்டர் உயர வித்தியாசம். எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள், அவற்றில் பலவற்றில் முன்னால் என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மேட்டின் உச்சியில் சாலை அப்படியே காணாமல் போய்விடும், வானமும் மரமும்தான் தெரியும், அந்தப் பக்கம் சாலை இடமா வலமா என்பது மனப்பாடமாக இருந்தால்தான் உண்டு. மற்ற டிராக்கில் ஒரே வளைவை ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கலாம், இருபது சுற்றில் கை பழகிவிடும். இங்கே ஒரு வளைவில் தப்புச் செய்தால் அதைத் திருத்த மறு வாய்ப்பு ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் வரும், அதற்குள் மழையே வந்திருக்கலாம்.

நான் அங்கே மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை அனுபவசாலி ஒருவரின் பக்கத்து இருக்கையில், அப்புறம் இரண்டு முறை நானே ஓட்டினேன். வீடியோ கேமில் நூறு சுற்று ஓட்டிவிட்டுத்தான் போனேன், இருந்தாலும் திரையில் தெரியாத ஒன்று அங்கே போனதும் உடம்புக்குத் தெரிந்தது. ஃபுக்ஸ்ரோரே என்று ஓர் இறக்கம் இருக்கிறது, நரிக் குழாய் என்று சொல்லலாம். மரங்களுக்கு நடுவில் சுரங்கம் போல நேராகக் கீழே பாயும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் இறங்கினால் அடிப்பள்ளத்தில் கார் தரையோடு தரையாக அமுங்கும், அந்த ஒரு நொடி தலை தோளுக்குள் இறங்குவது போல இருக்கும், ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும். உடனே ஏற்றம். ஏற்றத்தின் முடிவில் கண்ணுக்கே தெரியாமல் ஆடனாவர் ஃபோர்ஸ்ட் என்ற மெதுவான இடம்-வலம் வளைவு காத்திருக்கும். ஃபுக்ஸ்ரோரேயில் கிடைத்த வேகத்தில் மயங்கி இதை மறந்தவர்கள் நேராகப் புல்லுக்குள் போவார்கள், அந்த வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் காருசெல். மேலேறிப் போகிற சாலையில் திடீரென்று இடப்பக்கம் திரும்பி, அரை வட்டத்துக்கும் மேலே சுற்றுகிற வளைவு. ஆரம்ப காலத்தில் இதன் உள்ஓரத்தில் மழைநீர் போக ஒரு வடிகால் இருந்தது. கரச்சியோலா காரின் உள்பக்கச் சக்கரங்களை அந்த வடிகாலுக்குள் இறக்கி, தண்டவாளத்தில் ரயில் போவது போலப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைவிட வேகமாகச் சுற்றினார் என்று சொல்வார்கள். பிறகு அந்த ஓரத்தையே கான்கிரீட் பலகைகளால் சாய்வாகப் போட்டுவிட்டார்கள், வளைவுக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். உள்ளே இறங்கும்போது கார் ஒரு கிண்ணத்துக்குள் விழுவது போல விழும், பிறகு ஒவ்வொரு பலகையின் இணைப்பிலும் தட தட தடவென்று பல் ஆடும், வெளியேறும்போது ஒரு சக்கரம் காற்றில் தூக்கும். நுழையும் இடம் தெரியாது என்பதால் முன்னால் தெரிகிற மிக உயரமான மரத்தைப் பார்த்து ஓட்டு என்று ஐம்பதுகளின் உலகச் சாம்பியன் ஃபான்ஜியோ அறிவுரை சொன்னதாக ஒரு கதை உண்டு. வெகுகாலமாகப் புழங்குகிற கதை, இடத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் நியாயம் இருப்பது புரியும்.

வளைவுகளுக்கு எண் இல்லை, பெயர்தான், அந்தப் பெயர்களும் ஊர்க்காரர்கள் வைத்த பெயர்கள். பெர்க்வெர்க் என்றால் சுரங்கம், எக்ஸ்-மூலே பக்கம் பழைய மாவு மில், ஃப்ளான்ஸ்கார்டன் என்றால் நாற்றுத் தோட்டம், கால்கென்கோப்ஃப் தூக்குமர மேடு. ஷ்வேடன்குரோய்ட்ஸ் என்ற இடத்தின் பெயருக்குக் காரணம், 17-ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் படையினரால் கொல்லப்பட்ட ஒருவரின் நினைவாக நிற்கும் கல் சிலுவை. இந்தப் பெயர்களைப் படித்தாலே ரேஸுக்கு முன்னாடி அங்கே யார் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு சித்திரம் வந்துவிடுகிறது. ஸ்பான்சர் பெயர் வைத்த வளைவுகளில் எனக்கு இந்த ஒட்டுதல் வருவதில்லை.

சரி, ரேஸ் வரலாறு. 1935-ல் இத்தாலிய ஓட்டுநர் டாசியோ நுவோலாரி பழைய ஆல்ஃபா ரோமியோவில் வந்து, மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் என்ற இரண்டு ஜெர்மன் அணிகளின் பெரிய கார்களை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்தார். கடைசிச் சுற்றில் முன்னால் போய்க்கொண்டிருந்த மெர்சிடிஸின் டயர் கிழிந்தது அதற்குக் காரணம். ஆனால் அந்தக் காரை விடாமல் விரட்டி டயரைத் தேய வைத்ததும் அவர்தான்.

1957 இன்னும் பெரிது. ஃபான்ஜியோவுக்கு அப்போது 46 வயது. மசெராட்டியில் பாதி டேங்க் பெட்ரோலோடு ஆரம்பித்து வேகமாகப் போய், நடுவில் ஒருமுறை நின்று பெட்ரோலும் டயரும் மாற்றிக்கொள்வது அவர் திட்டம். எதிரே ஃபெராரியில் ஹாத்தோர்னும் காலின்ஸும் நிற்காமல் ஓடுவதாக இருந்தார்கள். 22 சுற்றில் 12-வது முடிந்து ஃபான்ஜியோ நின்றார், கார் நிறுத்தி வேலை பார்க்கும் பிட்டில் வேலை சொதப்பி நேரம் போய்விட்டது, வெளியே வந்தபோது முன்னால் இருந்தவர்களைவிட முக்கால் நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் ரேஸ் வரலாற்றில் இன்றும் பேசப்படுவது. சுற்றுக்குச் சுற்று சாதனையை உடைத்து, கடைசியில் 9 நிமிடம் 17.4 விநாடியில் ஒரு சுற்று, அதாவது ரேஸுக்கு முன்னால் காலிப் பாதையில் ஓடும் தகுதிச் சுற்றில் அவரே போட்ட நேரத்தைவிட 8 விநாடி வேகம். 21-வது சுற்றில் இருவரையும் தாண்டினார், மூன்றரை விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார், ஐந்தாவது உலகப் பட்டமும் அன்றே உறுதியானது. அன்று ஓட்டியது போல வாழ்க்கையில் ஓட்டியதில்லை, இனி ஓட்டவும் மாட்டேன் என்ற பொருளில் பிறகு அவரே சொன்னார். அது அவருடைய கடைசி கிராண்ட் ப்ரீ வெற்றியாகவும் ஆனது. இவ்வளவு பெரிய துரத்தல் வேறு டிராக்கில் நடந்திருக்குமா என்றால், நடந்திருக்காது என்பேன். ஐந்து கிலோமீட்டர் டிராக்கில் ஒரு சுற்றுக்கு அரை விநாடி பிடிக்கலாம். இங்கே வளைவுக்கு வளைவு கொஞ்சம் துணிச்சல் கூட்டினால் ஒரே சுற்றில் பத்து விநாடி வரை கிடைக்கும், ஒரு மனிதனின் துணிச்சல் கடிகாரத்தில் அப்படியே தெரியும்.

அதே துணிச்சலுக்கு இந்த டிராக் விலையும் வாங்கியது. மறு ஆண்டே, 1958-ல், அதே பீட்டர் காலின்ஸ் ஃப்ளான்ஸ்கார்டன் பக்கம் கார் வெளியே போய் இறந்தார்.

பச்சை நரகம் என்ற பெயர் ஸ்காட்லாந்து ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட் வைத்தது. 1968-ல் மழை, அதற்கு மேல் மூடுபனி, முன்னால் போகும் காரே தெரியவில்லை, அவருக்கு மணிக்கட்டில் வேறு எலும்பு முறிவு. அப்படி ஓட்டி இரண்டாவதாக வந்தவரைவிட நான்கு நிமிடத்துக்கும் மேல் முந்தி ஜெயித்தார். நான்கு விநாடி இல்லை, நான்கு நிமிடம். அப்படி ஜெயித்தவர்தான் இந்த டிராக்கைத் திருத்தச் சொல்லிப் போராடியவர்களில் முதன்மையானவர் என்பதைக் கவனிக்க வேண்டும். 1970-ல் பாதுகாப்பு வேலை செய்யாவிட்டால் வரமாட்டோம் என்று ஓட்டுநர்கள் சொல்லிவிட, ரேஸ் ஜெர்மனியிலேயே ஹொக்கன்ஹைம் என்ற இன்னொரு டிராக்குக்குப் போனது. ஓரங்களில் இரும்புத் தடுப்பு போட்டு, மேடுகளைக் கொஞ்சம் தட்டி, மரம் புதர்களை விலக்கி, 1971-ல் திரும்பக் கூட்டிவந்தார்கள். ஸ்டூவர்ட்டும் தன் கடைசி வெற்றியை, 27-வதை, 1973-ல் இங்கேதான் எடுத்தார்.

இப்போது லாடா. இவரைப் பற்றி ஒன்றைச் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அவர் பயந்துபோய்ப் பேசினார் என்று இன்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 1975-ல் தகுதிச் சுற்றில் 6 நிமிடம் 58.6 விநாடி போட்டு, அந்த 22.8 கிலோமீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்த முதல் ஆள் அவர்தான். அவர்தான் 1976-ல் இங்கே ஓட்ட வேண்டாம் என்று சக ஓட்டுநர்களிடம் சொன்னார், பெரும்பான்மை ஒத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 1, ரேஸ் ஆரம்பிக்கும்போது பாதை ஈரம், கிட்டத்தட்ட எல்லோரும் மழை டயரில் கிளம்பினார்கள், காய ஆரம்பித்ததும் முதல் சுற்று முடிவில் டயர் மாற்றினார்கள். இரண்டாவது சுற்றில் பெர்க்வெர்க்குக்கு முன்னாலிருக்கும் வேகமான இடது வளைவில் லாடாவின் ஃபெராரி திடீரென்று வெளியே போய், ஓரத்தில் மோதி, தீப்பற்றி, திரும்பப் பாதையின் நடுவில் வந்து விழுந்தது. பின்னால் வந்த கார்களும் மோதின. அவரைத் தீயிலிருந்து வெளியே இழுத்தவர்கள் தீயணைப்புப் படையினர் இல்லை, சக ஓட்டுநர்கள் நான்கு பேர்: ஆர்துரோ மெர்சாரியோ, கை எட்வர்ட்ஸ், பிரெட் லங்கர், ஹரால்ட் எர்ட்ல். மெர்சாரியோ நெருப்புக்குள் கையை விட்டு சீட் பெல்ட்டைக் கழற்றினார்.

இங்கேதான் அந்த நீளம் மறுபடியும் வருகிறது. 5 கிலோமீட்டர் டிராக்குக்குப் போதுமான தீயணைப்பு வண்டியும் டாக்டரும் காவலர்களும் இங்கே நாலைந்து மடங்கு வேண்டும், அப்படியும் காட்டுக்குள் எந்த மூலையில் விபத்து நடந்தாலும் உதவி வந்துசேர நேரமாகும். லாடா சொன்னதும் இதைத்தான். ஆறு வாரத்தில், காயம் முழுதாக ஆறாத தலையோடு இத்தாலியின் மொன்சா டிராக்கில் ஓட்டி நான்காவதாக வந்தார், அந்த வருடப் பட்டத்தை ஜேம்ஸ் ஹன்டிடம் ஒரே ஒரு புள்ளியில் விட்டார். பலரும் நினைப்பது போல ஃபார்முலா ஒன் இங்கிருந்து போனதற்கு அவர் விபத்து மட்டும் காரணமில்லை, அந்த வருடத்தோடு பழைய டிராக்குக்கு வருவதில்லை என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. 1984-ல் புது டிராக்கைத் திறக்க, ஒரே மாதிரியான மெர்சிடிஸ் 190 கார்களில் பழைய, புதிய ஓட்டுநர்களை வைத்து ஒரு ரேஸ் நடத்தினார்கள். ஜெயித்தவர் அயர்டன் சென்னா என்ற இளைஞர், இரண்டாவது வந்தவர் லாடா.

ஃபார்முலா ஒன் போனாலும் மற்ற ரேஸ்கள் தொடர்ந்தன. 1983 மே மாதம் ஸ்டெஃபான் பெலோஃப் என்ற 25 வயது ஜெர்மன் ஓட்டுநர் போர்ஷே 956-ல் 6 நிமிடம் 11.13 விநாடியில் ஒரு சுற்றை முடித்தார், சராசரி வேகமே மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். ரேஸில் முன்னிலையில் இருந்தபோது ஃப்ளான்ஸ்கார்டனில் கார் பறந்து நொறுங்கியது, காயமில்லாமல் நடந்து வந்தார். இரண்டு வருடத்தில் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் இறந்துபோனார். அவர் நேரத்தை 35 வருடம் யாரும் தொடவில்லை. 2018 ஜூனில் டிமோ பெர்ன்ஹார்ட், எந்த ரேஸ் விதிக்கும் கட்டுப்படாமல் தயாரித்த போர்ஷே 919-ல் 5 நிமிடம் 19.5 விநாடி போட்டார். என்னைக் கேட்டால் இரண்டையும் ஒப்பிடுவதே சரியில்லை, ஒன்று ரேஸ் வார இறுதியில் ரேஸ் காரில் போட்டது, மற்றது சாதனைக்கென்றே போட்டது.

கடைசிக் கேள்வி: ஏன் மூடவில்லை? காரணம், இது இன்றைக்கும் ஒரு சாலை. திறந்த 1927-லிருந்தே ரேஸ் இல்லாத நேரங்களில் பொதுமக்களுக்குக் கட்டணச் சாலையாக விட்டிருக்கிறார்கள். இன்றும் சுற்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டினால் உங்கள் வீட்டுக் காரிலேயே உள்ளே போகலாம். ஒருவழிப் பாதை, சாலை விதிகள் பொருந்தும், வலப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும், இடப்பக்கம்தான் முந்த வேண்டும், நேரம் எடுக்கக் கூடாது. தடுப்பில் மோதினால் தடுப்புக்கும் இழுவை வண்டிக்கும் பணம் உங்களுடையது. தாத்தா ஒருவர் பேத்தியோடு பழைய ஓப்பலில் போவார், அவரை ஒரு போர்ஷே சீறிக்கொண்டு தாண்டும். கார் கம்பெனிகளும் வேலை நாட்களில் வாடகைக்கு எடுத்துப் புது மாடல்களைச் சோதிக்கின்றன, ஏனென்றால் மேடு, பள்ளம், கான்கிரீட், இறக்கம், ஏற்றம், திடீர் மழை எல்லாம் ஒரே சுற்றில் கிடைப்பது இங்கேதான். அதிலிருந்து வந்ததுதான் நூர்பர்க்ரிங் நேரத்தைச் சொல்லி விளம்பரம் செய்யும் பழக்கம். 2024-ல் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஒன் 6 நிமிடம் 29 விநாடி போட்டது, சாலையில் ஓட்ட உரிமமுள்ள கார் அது. அந்த எண்ணை வைத்து யாரும் குடும்பத்துக்குக் கார் வாங்க வேண்டாம்.

1970-லிருந்து, சில வருடங்கள் தவிர, 24 மணி நேர ரேஸும் நடக்கிறது, இப்போது புது டிராக்கையும் நோர்ட்ஷ்லைஃபேயையும் சேர்த்து. இருநூறு கார் வரைகூட ஓடியிருக்கின்றன, தொழில்முறை ஓட்டுநர்களோடு ஊர்க்காரர்களும் சின்னக் காரில் வருவார்கள். இதிலும் வானிலைதான் முதலாளி. 2016-ல் ரேஸ் ஆரம்பித்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பகுதியில் மட்டும் ஆலங்கட்டி கொட்டி, கார்கள் சறுக்கி ஒன்றன்மேல் ஒன்று மோதின, அதே நேரத்தில் இன்னொரு பகுதியில் பாதை காய்ந்து கிடந்தது. 2024-ல் மூடுபனி இரவோடு இறங்கி விலகவே இல்லை, 24 மணி நேர ரேஸில் உண்மையில் ஓடியது ஏழரை மணி நேரம்கூட இல்லை.

ஆபத்து போய்விட்டதா என்றால் இல்லை. 2015-ல் ஃப்ளூக்பிளாட்ஸ் மேட்டில் ஒரு ரேஸ் கார் மூக்கு தூக்கிப் பறந்து வேலியைத் தாண்டி விழுந்ததில் பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு அங்கே மேட்டைச் சமன்படுத்தி, வேலியை உயர்த்தினார்கள். மூட வேண்டும் என்ற பேச்சு அப்போதும் வந்தது. ஆனால் அந்த வட்டாரத்தில் ஓட்டல், மெக்கானிக் கடை, வாடகைக் கார், டயர்க் கடை என்று எத்தனையோ குடும்பங்கள் இந்தச் சாலையை நம்பி இருக்கின்றன, க்ரொய்ட்ஸ் 1925-ல் எதற்காக ஆரம்பித்தாரோ அது இன்றைக்கும் நடக்கிறது.

அந்தக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்தவர்தான் சபீனே ஷ்மிட்ஸ். நூர்பர்க்கில் ஓட்டல் நடத்தியவர்களின் மகள். 1996, 1997 இரண்டு வருடமும் 24 மணி நேர ரேஸை பிஎம்டபிள்யூவில் ஜெயித்த அணியில் இருந்தார், அதை ஜெயித்த முதல் பெண். பிறகு பல வருடம், காசு கட்டி வருகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, பேசிச் சிரித்துக்கொண்டே இந்தச் சாலையைச் சுற்றிக் காட்டினார், ஆயிரக்கணக்கான சுற்றுகள். 2021-ல் புற்றுநோயில் இறந்தார். நோர்ட்ஷ்லைஃபேக்குள் நுழைந்ததும் வரும் முதல் வளைவுக்கு இப்போது அவர் பெயர்.

நேரில் போவதாக இருந்தால் இரண்டு யோசனை. ரேஸ் நாட்களிலும் சோதனை நாட்களிலும் பொதுமக்களுக்குத் திறக்க மாட்டார்கள், அதனால் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வாடகைக்கு எடுத்த சாதாரணக் காரில் உள்ளே போகாதீர்கள், ஒப்பந்தத்தில் பெரும்பாலும் தடை இருக்கும். ஓட்ட மனமில்லை என்றால் ப்ருன்ஷென் என்ற வளைவுப் பக்கம் புல்மேட்டில் போய் உட்காருங்கள், காசு கிடையாது. காரை முதலில் பார்க்க முடியாது, காட்டுக்குள்ளிருந்து சத்தம்தான் வரும், ஏறி இறங்கி, மரங்களுக்குப் பின்னால் மறைந்து, மறுபடியும் கிட்டே வந்து, கடைசியில் உங்கள் எதிரில் இறக்கத்தில் வெளிப்படும்.